கள்ளி அழுகலில் வாழும் ஈஸ்டுகள்: வறட்சிக்குப் பழகியவையா, வேறெதற்கோ பழகியவையா?

#1 கரிசல்காட்டான்

பாலைநிலச் செடிகளில் வாழும் காட்டு ஈஸ்டுகள் பற்றி முதுகலை மாணவர்களுக்கு ஓர் உரை தயாராகிறது. "வறட்சி தாங்கும் ஈஸ்ட்" என்று தொடங்கி டிரெஹலோஸ், கிளிசரால் (செல்லைக் காய்வதிலிருந்து காக்கும் சேர்மங்கள்), தடித்த செல் சுவர் என்று விளக்குவதுதான் வழக்கம். ஆனால் அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலுள்ள சோனோராப் பாலைவன ஆய்வுகளை எடுத்துப் பார்த்தால் வறட்சி பற்றிய பேச்சே குறைவு. அழுகல், ஈ, ஆல்கலாய்டு (செடியில் உண்டாகும் ஒருவகை நஞ்சு), கொழுப்பு அமிலம் என்றுதான் போகிறது. மூன்று கேள்விகள்:

இந்த ஈஸ்டுகள் உண்மையில் எதற்குப் பழகியிருக்கின்றன? அவற்றைப் பிரித்தெடுக்கும்போது எங்கே தவறுகிறது? நம் ஊர் நாகதாளியில் (சப்பாத்திக் கள்ளி) இதைச் செய்து பார்க்க முடியுமா?

#2 முள்மரம்

தலைப்பை மாற்றுங்கள், அதுதான் முதல் வேலை.

சகுவாரோ என்ற பெரிய தூண் கள்ளியின் (கார்னீஜியா ஜைகான்டியா) தண்டில் பெரும்பகுதி தண்ணீர். அதில் அழுகல் பிடித்த இடம் சோனோராவிலேயே ஈரம் மிகுந்த இடங்களில் ஒன்று. வெளியே காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும், ஈஸ்ட் செல் இருக்கும் குழைவில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அங்கே நெருக்கடி வேறு மாதிரி. சூடு, செடியின் நஞ்சு, எளிதில் கிடைக்கும் சர்க்கரை இல்லாமை, பாக்டீரியாவோடு போட்டி. இவற்றுக்கும் மேலே ஒன்று: இந்த அழுகல் காய்வதற்குள் அடுத்த அழுகலுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அழுகல் தொடங்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். உறைபனி, காற்றில் முறிந்த கிளை, புழு துளைத்த ஓட்டை என ஏதோ ஒரு காயம். அதன் வழியே மென்னழுகல் பாக்டீரியா நுழைகிறது. சகுவாரோவில் பேர் பெற்றது முன்பு எர்வினியா காக்டிசிடா என்றும் இப்போது பெக்டோபாக்டீரியம் என்றும் வகைப்படுத்தப்படுகிறது. அது செல்களை ஒட்டவைக்கும் பெக்டினைக் கரைத்துத் திசுவைக் குழைய வைக்கிறது. அந்தக் குழைவிலிருந்து கசியும் கரிம அமிலம், ஆல்ககால், சிறு சர்க்கரை ஆகியவற்றைத்தான் ஈஸ்டுகள் உண்கின்றன. பெரும்பாலான கள்ளி ஈஸ்டுகள் செடியைத் தாமே உடைப்பதில்லை. உடைத்து வைத்ததை உண்பவை. ஒரு கிராம் அழுகலில் பத்து லட்சம், ஒரு கோடி ஈஸ்ட் செல்கள் இருப்பது சாதாரணம்.

உணவுப் பட்டியலே இதைச் சொல்லும். பழங்களில் வாழும் ஈஸ்டுகள் பலவகைச் சர்க்கரையை நொதிக்கும். கள்ளியில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும் பிக்கியா காக்டோஃபிலா (1978இல் விவரிக்கப்பட்டது) நொதிப்பதில் மிக மந்தம். குளுக்கோஸ், எத்தனால், லாக்டேட் போன்ற சிலவற்றோடு திருப்தி அடைகிறது. சுக்ரோஸ், மால்டோஸ் எதுவும் அதற்கு ஆகாது. கேண்டிடா சோனோரென்சிஸ் மெத்தனாலையே உண்ணும். பெக்டினிலிருந்து மெத்தில் தொகுதி கழன்றால் மெத்தனால் வரும். அது அழுகலில் தொடர்ந்து உண்டாகிக்கொண்டே இருக்கிறது. எனவே இந்த ஈஸ்டின் இடத்தை அந்த வேதியியலே காட்டிக்கொடுக்கிறது.

#3 பழஈ

முள்மரம் சொன்ன கடைசி நெருக்கடி, அதாவது இடம்பெயர்வு, இதில் பாதிக் கதை.

அழுகல்கள் நிலமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஓர் அழுகலின் ஆயுள் சில வாரங்கள், பெரிய சகுவாரோவில் சில மாதங்கள். ஈஸ்டுக்குக் கால் இல்லை, காற்றில் பறக்கும் வித்தும் இல்லை. டிரோசோஃபிலா (சுருக்கமாக டி.) என்ற சிறு ஈக்கள்தான் அதன் வண்டி. தூண் கள்ளிகளில் சகுவாரோவுக்கும் கார்டோனுக்கும் டி. நைக்ரோஸ்பைராகுலா, செனிடாவுக்கு டி. பாகியா, அக்ரியாவுக்கும் ஆர்கன் பைப்புக்கும் டி. மொஹாவென்சிஸ், அழுகல் சாறு ஊறிய மண்ணில் டி. மெட்லெரி. அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹீட், கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஹெர்மன் ஃபாஃப், நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸில் வில்லியம் ஸ்டார்மர் என்று மூன்று இடத்து ஆட்கள் ஈயையும் ஈஸ்டையும் செடியையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இந்தப் படம் தெளிந்தது.

ஈக்கும் இதில் ஆதாயம் உண்டு. புழுவுக்குப் புரதம், வைட்டமின், ஸ்டெரால் (கொலஸ்டிரால் வகைக் கொழுப்பு) எல்லாம் ஈஸ்டிலிருந்து வருகின்றன. 1981இல் ஃபோகில்மன், ஸ்டார்மர், ஹீட் மூவரும் இயற்கை அழுகலில் இருந்த டி. மொஹாவென்சிஸ் புழுக்களின் குடலைப் பார்த்தார்கள். குடலில் இருந்த ஈஸ்டுகளின் விகிதமும் சுற்றியுள்ள அழுகலில் இருந்த விகிதமும் ஒன்றாக இல்லை. புழு தேர்ந்தெடுத்து உண்கிறது.

ஆகவே "செடிக்குப் பழகிய ஈஸ்ட்" என்று மட்டும் சொன்னால் குறை. செடி, பாக்டீரியா, ஈ மூன்றுக்கும் சேர்த்துப் பழகிய ஈஸ்ட்.

#4 கரிசல்காட்டான்

நன்றி. நஞ்சு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? எல்லாக் கள்ளியிலும் ஒரே நஞ்சா? ஒவ்வொரு கள்ளிக்கும் தனி ஈஸ்டா?

#5 முள்மரம்

இரண்டுக்கும் பதில் "இல்லை". இந்த இழையிலேயே கனமான பகுதி இதுதான் என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

சோனோராவின் தூண் கள்ளிகளை வேதியியல்படி இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். பாகிசெரியஸ் கூட்டத்தில் (சகுவாரோ, கார்டோன், செனிடா) ஆல்கலாய்டுகள் முக்கியம். சகுவாரோவில் கார்னெஜின், ஜைகான்டின். செனிடாவில் லோஃபோசெரின், பைலோசெரின். ஸ்டெனோசெரியஸ் கூட்டத்தில் (ஆர்கன் பைப், அக்ரியா) ஆல்கலாய்டு இடத்தை டிரைடெர்பீன் கிளைகோசைடுகள் பிடித்துக்கொள்கின்றன. இவை சோப்பு போன்ற சேர்மங்கள். செல் சவ்வின் ஸ்டெராலோடு பிணைந்து சவ்வை ஓட்டையாக்கும். ஈஸ்ட் சவ்வில் இருப்பது எர்கோஸ்டெரால், எனவே அதற்கும் ஆபத்து.

இந்தப் பிரிவு ஈஸ்டுகளிலும் எதிரொலிக்கிறது. ஸ்டார்மெரா அமெத்தியோனினா என்ற இனத்தில் இரண்டு வகை விவரிக்கப்பட்டன. ஒன்று ஸ்டெனோசெரியஸ் கூட்டத்தில், மற்றது பாகிசெரியஸ் கூட்டத்தில். இரண்டையும் பிரிப்பதில் டிரைடெர்பீன் தாங்கும் திறனுக்குப் பங்கு உண்டு. பிக்கியா ஹீடியை எதிர்பார்க்க வேண்டிய இடம் செனிடாவும் சகுவாரோவும். பிக்கியா காக்டோஃபிலா, ஸ்போரோபாகிடெர்மியா செரியானா கூட்டம், கேண்டிடா சோனோரென்சிஸ் ஆகியவை செடி பார்க்காமல் எங்கும் வாழ்பவை. சிறப்பினமும் பொதுவினமும் ஒரே அழுகலில் கலந்துதான் இருக்கும்.

அடுத்து கொழுப்பு. ஆர்கன் பைப் திசுவில் கொழுப்பு அமில எஸ்டர்கள் நிறைய. எஸ்டராக இருக்கும்வரை அவ்வளவாகத் தொல்லை இல்லை. கேண்டிடா இன்ஜென்ஸ் போன்ற, லைபேஸ் (கொழுப்பை உடைக்கும் நொதி) சுரக்கும் ஈஸ்ட் அவற்றை உடைத்தால் கொழுப்பு அமிலம் தனியே வெளியேறி மற்ற ஈஸ்டுகளின் வளர்ச்சியை அடக்கும். அதாவது ஓர் ஈஸ்ட் தன் நொதியால் செடியின் சரக்கையே அண்டை ஈஸ்டுக்கு எதிரான ஆயுதமாக்குகிறது. சோதனைக்கூடத்தில் சுத்த ஆல்கலாய்டை மட்டும் தட்டில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

பிறகு 2-புரோபனால். அழுகலில் பாக்டீரியாவால் உண்டாகிறது. கேண்டிடா சோனோரென்சிஸும் ஸ்போரோபாகிடெர்மியா செரியானாவும் அதை உண்டு தீர்க்கக்கூடியவை. ஈயின் உடலில் அந்த ஆல்ககால் அசிட்டோனாக மாறித் தங்கிவிடும். எனவே அதைத் தின்று குறைக்கும் ஈஸ்ட் புழுவுக்கு நல்லது செய்கிறது, ஈ பெருகினால் ஈஸ்டும் பரவும்.

#6 பழஈ

நஞ்சு ஈயையும் பிரிக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செனிடா ஆல்கலாய்டை டி. நைக்ரோஸ்பைராகுலா தாங்காது, டி. பாகியா தாங்கும். பாகியாவுக்கு அந்தச் செடியை விட்டால் வேறு வழியும் இல்லை. செனிடாவில் உள்ள தனிவகை ஸ்டெரால் இல்லாமல் அதன் வளர்ச்சி நிறைவடையாது என்று ஹீடும் கிர்ச்சரும் 1965இலேயே காட்டினார்கள். ஆக, ஒரு செடிக்கு ஒரு வண்டிதான் வருகிறது என்றால், அந்த வண்டியில் ஏறாத ஈஸ்ட் நஞ்சைத் தாங்கினாலும் அங்கே போய்ச் சேராது. ஒரு கள்ளியில் ஓர் ஈஸ்ட் இல்லை என்றதும் "நஞ்சு கொன்றுவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். வந்து சேரவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். பிரித்தறிய ஒரே வழி, அந்தச் செடியின் கூழில் அந்த ஈஸ்டை விதைத்துப் பார்ப்பது.

#7 மரபுவரி

மரபணு பக்கம். 2024இல் பி.எல்.ஓ.எஸ். பயாலஜி ஆய்விதழில் கொன்சால்வெஸ் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈஸ்ட் இனங்களின் மரபணுத்தொகுப்பை ஒப்பிட்டது. கள்ளி வாழ்க்கை ஈஸ்ட் குடும்ப மரத்தில் ஏறக்குறைய 17 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு. மரபணு, வளர்ச்சிப் பண்புத் தரவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து "இது கள்ளி ஈஸ்டா?" என்று கேட்டால் 76 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அதற்கு மிக உதவிய பண்பு வெப்பம் தாங்கும் திறன்.

இதில் இரண்டு செய்தி. ஒன்று, சூடுதான் பொதுச் சரடு. பல கிளைகளில் செல் உறையோடு தொடர்புடைய மரபணுக்களின் பரிணாம வேகம் மாறியிருக்கிறது. அது வெப்பம் தாங்குவதோடு இணைந்திருக்கலாம் என்கிறார்கள். இரண்டு, பொதுவான "கள்ளி மரபணு" என்று ஒன்று கிடையாது. தாவரச் செல் சுவரை உடைக்கும் நொதிகளை ஒரு கிளை வேறோர் உயிரிடமிருந்து கிடைமட்ட மரபணுப் பெயர்வாகப் பெற்றிருக்கிறது; இன்னொரு கிளை தன்னிடம் இருந்ததையே இரட்டிப்பாக்கியிருக்கிறது. போய்ச் சேர்ந்த இடம் ஒன்று, வழி வேறு வேறு.

#8 கரிசல்காட்டான்

17 முறை தோன்றியது என்றால், கள்ளிக்கு வந்த பிறகு சூடு தாங்கக் கற்றதா, முன்பே சூடு தாங்கியவை மட்டும் கள்ளியில் நிலைத்தனவா? இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறதே. இரண்டாவது என்றால் "தகவமைப்பு" என்று சொல்வதே பொருந்தாது.

#9 மரபுவரி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஒவ்வொரு கிளையிலும் கள்ளியில் வாழாத நெருங்கிய உறவினங்களை எடுத்து உச்ச வளர்ச்சி வெப்பத்தை அளக்க வேண்டும். உறவினங்களும் 40°செ தாண்டி வளர்ந்தால் அது முன்பே இருந்த பண்பு, கள்ளி சலித்தெடுத்திருக்கிறது. கள்ளிக் கிளை மட்டும் தாங்கினால் அங்கே வந்தபின் வளர்ந்த பண்பு. என் கருத்து: கிளைக்குக் கிளை பதில் மாறும். 17 கிளைகளுக்கும் ஒரே விடை தேடுவதில் பயனில்லை.

#10 முள்மரம்

ஒரு திருத்தம். சூட்டை மிகைப்படுத்தவும் வேண்டாம். கோடையில் வெயில் படும் சப்பாத்திக் கள்ளித் தட்டையின் (இலை போன்ற தண்டு) மேற்பரப்பு 50°செ தாண்டும், உண்மை. ஆனால் பருத்த சகுவாரோவின் நடுத்தண்டில் அழுகல் இருந்தால் அந்தப் பெருந்திசு பகல் சூட்டைத் தாமதப்படுத்தும், இரவுக் குளிரையும் தாமதப்படுத்தும். ஒரே செடியில் தெற்குப் பக்க அழுகலும் நிழல் பக்க அழுகலும் வேறு வாழிடங்கள். வெப்பமானியை அழுகலுக்குள் செருகி அதிகாலை, நண்பகல், மாலை என மூன்று வேளையாவது அளக்காமல் "பாலைவன ஈஸ்ட், அதனால் சூடு தாங்கும்" என்று எழுதுவது ஊகம் மட்டுமே.

#11 தட்டும்தழலும்

இனி கைவேலை. பிரித்தெடுப்பில் தவறுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது.

மாதிரி எடுத்தல்: ஓர் அழுகலில் மூன்று இடம் வேண்டும். நல்ல திசுவும் அழுகலும் சந்திக்கும் ஓரம், நடுக்குழைவு, ஒழுகும் சாறு. ஓரம் இளமையானது, நடு முதிர்ந்தது. இரண்டிலும் ஈஸ்ட் கூட்டம் வேறாக இருக்கும். கிருமிநீக்கிய கரண்டியால் ஒவ்வொன்றிலும் 1 முதல் 2 கிராம். அங்கேயே வெப்பமும் பி.ஹெச். தாளில் அமிலத்தன்மையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் வையுங்கள், பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்ட வேண்டாம். அன்றே தட்டில் இடுவது நல்லது, 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயிலில் மூடிய குழாயில் கிடந்தால் பாக்டீரியாவும் வேகமான ஒன்றிரண்டு ஈஸ்டும் மற்றவற்றை அமுக்கிவிடும். பிறகு நீங்கள் எண்ணுவது குழாயின் கூட்டத்தை. செடியின் கூட்டம் கைநழுவிப் போயிருக்கும்.

ஊடகம் (ஈஸ்டை வளர்க்கும் சத்துக்கூழ்), ஒரு லிட்டருக்கு: ஈஸ்ட் சாறு 3 கிராம், மால்ட் சாறு 3 கிராம், பெப்டோன் 5 கிராம், குளுக்கோஸ் 10 கிராம், அகார் 20 கிராம். இதுதான் ஒய்.எம். அகார். ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம்) முடித்து 50–55°செ வரை ஆறவிட்டு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 7 மி.லி. சேர்த்து பி.ஹெச். 3.7–4.0க்குக் கொண்டுவாருங்கள். அமிலத்தை முதலிலேயே சேர்த்து ஆட்டோகிளேவ் செய்தால் சூட்டில் அகார் நீராற்பகுந்து தட்டு உறையவே உறையாது. அமிலம் சேர்த்த அகாரைத் திரும்ப உருக்கவும் கூடாது, அதே காரணம்தான்.

அமிலத் தட்டு மட்டும் போதாது. முதிர்ந்த அழுகலில் அமிலத்தன்மை குறைந்துகொண்டே போகும். அங்கு வாழும் சில ஈஸ்டுகளுக்குப் பி.ஹெச். 3.7 ஒத்துவராது. எனவே அமிலம் சேர்க்காமல், லிட்டருக்கு 100 மி.கி. குளோராம்ஃபெனிகால் (பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து) சேர்த்த தட்டு ஒரு தொகுதி. இது சூட்டைத் தாங்கும், சில மி.லி. எத்தனாலில் கரைத்து ஆட்டோகிளேவுக்கு முன்பே சேர்க்கலாம். மூன்றாவது தொகுதி, அந்தச் செடியின் நல்ல திசுவைச் சம எடை தண்ணீரோடு அரைத்து வடிகட்டி, இரட்டை அடர்த்தி அகாரோடு சரிபாதி கலந்தது. சத்து குறைந்த தட்டு என்பதால் வேகமானவை அடங்கி, மெதுவானவை தெரியும்.

நீர்த்தல்: 1 கிராம் அழுகல், 9 மி.லி. கிருமிநீக்கிய நீர், அதில் 0.05 சதவீதம் டுவீன் 80 (செல்களைப் பிரிக்க உதவும் சோப்பு போன்ற பொருள்). ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கள்ளிக் கோழை செல்களைக் கட்டிப்பிடித்து வைக்கும். பத்தில் ஒன்றாக ஐந்து படி நீர்த்து, ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. பரப்புங்கள். 25°செ, ஐந்து நாள். கணக்குக்கு 30 முதல் 300 காலனி (செல்கள் பெருகி உண்டான புள்ளி) வரும் தட்டைத்தான் எடுக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீர்த்த தட்டில் 86 காலனி என்றால் 86 × 10,000 ÷ 0.1 = 86 லட்சம், ஒரு கிராமுக்கு.

ஈயிலிருந்து எடுக்க வேண்டுமானால் இன்னும் எளிது. பிடித்த ஈயைத் தட்டுக்குள் விட்டு 10–15 நிமிடம் நடக்கவிட்டு வெளியேற்றிவிடுங்கள். கால் தடம் வழியே காலனிகள் முளைக்கும்.

#12 சாயங்காலமழை

நாங்கள் கள்ளிப் பழத்தில் இதைச் செய்யும்போது இரண்டாம் நாளே தட்டு முழுக்கப் பூஞ்சணம் படர்ந்துவிடுகிறது. தப்பித்த தட்டுகளில் ஒரே மாதிரி சுருக்கமான வெள்ளைப் படலம். வேறு எதுவும் வருவதில்லை. வேறு ஈஸ்டே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

#13 தட்டும்தழலும்

எடுத்துக்கொள்ளக் கூடாது. பூஞ்சணத்துக்கு டைகுளோரான் 2 மி.கி., ரோஸ் பெங்கால் 25 மி.கி. (லிட்டருக்கு) சேர்த்த ஊடகம் கைகொடுக்கும். காலனிகள் சுருங்கி நிற்கும். அந்தத் தட்டுகளை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ரோஸ் பெங்கால் ஈஸ்டையே கொல்லும் பொருளாக மாறும். இந்த ஒரு காரணத்தால் வெறும் தட்டு வந்து "ஈஸ்ட் இல்லை" என்று எழுதியவர்கள் உண்டு.

சுருக்கமான படலம் பெரும்பாலும் பிக்கியா இனமாக இருக்கும். ஒரு தட்டில் பத்து காலனிக்குள் வரும் அளவுக்கு நீர்த்துப் பரப்பி, மூன்றாம் நாள் கண்ணில் படுபவற்றுக்கு அடியில் குறியிட்டு, ஏழாம் நாள் மறுபடி பாருங்கள். புதிதாக முளைத்த குண்டூசித் தலை அளவுக் காலனிகள்தான் நீங்கள் தவறவிடுபவை.

உருப்பெருக்கியில் பார்க்காமல் எதையும் ஈஸ்ட் என்று எண்ணாதீர்கள். புரோட்டோதீக்கா என்ற நிறமற்ற பாசி இதே தட்டில் இதே வெண்ணெய் நிறத்தில் வரும். அது மொட்டு விடாது, செல்லுக்குள்ளேயே பல சேய்ச்செல்களாகப் பிரியும். டைபோடாஸ்கஸ் கூட்டம் இழையாக வளர்ந்து துண்டு துண்டாக உடையும். பூஞ்சணம் என்று தூக்கி எறிந்துவிடுவார்கள், அதுவும் கள்ளியின் வாசிதான்.

தூய்மை: தனிக்காலனியை இருமுறையாவது கீறி எடுக்க வேண்டும். கள்ளிக் காலனிகளில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டே வரும். சேமிப்புக்கு 15–20 சதவீத கிளிசரால், −80°செ.

#14 மரபுவரி

இனம் காண, பெரிய ரைபோசோம் துணையலகு மரபணுவின் டி1/டி2 பகுதியை என்.எல்.1, என்.எல்.4 பிரைமர்களால் (நகலெடுப்பைத் தொடங்கும் டி.என்.ஏ. துண்டுகள்) பெருக்குங்கள். சுமார் 600 டி.என்.ஏ. எழுத்து. பொதுவாக ஒரு சதவீதத்துக்கு மேல், அதாவது ஆறு எழுத்துக்கு மேல் மாறினால் வேறு இனம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் கிளாவிஸ்போரா பக்கம் இந்த விதியை நம்பாதீர்கள். கிளாவிஸ்போரா லுசிடானியே என்ற ஒரே இனத்துக்குள்ளேயே இந்தப் பகுதி பெரிதும் மாறுகிறது. அங்கே இணைசேர்க்கைச் சோதனையும் வேறு மரபணுக்களும் பார்த்துத்தான் முடிவு.

#15 தட்டும்தழலும்

தகவமைப்பைச் சோதிக்க வருபவர்களுக்குச் சில பொறிகள்.

மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். ஸ்டார்மெரா அமெத்தியோனினாவால் கனிமக் கந்தகத்திலிருந்து மெத்தியோனின் ஆக்க முடியாது. கடையில் வாங்கும் சாதாரண ஈஸ்ட் நைட்ரஜன் பேஸில் (ஈஸ்ட் வளர்ப்பதற்கான ஊடகத் தூள்) சிறிது ஹிஸ்டிடின், மெத்தியோனின், டிரிப்டோஃபேன் ஏற்கெனவே கலந்திருக்கும். அதில் சோதித்தால் இந்தப் பண்பே தெரியாது. "அமினோ அமிலம் இல்லாதது" என்று குறிப்பிட்டிருப்பதை வாங்க வேண்டும். முந்தைய தட்டின் சத்து செல்லுக்குள் மிச்சமிருக்கும் என்பதால் முதல் குழாயில் வளர்ந்தாலும் நம்பாமல், அதிலிருந்து ஒரு சொட்டை இரண்டாவது குழாய்க்கு மாற்றி அங்கும் வளர்கிறதா என்று பாருங்கள்.

2-புரோபனால். 0.5 சதவீதம், ஆட்டோகிளேவுக்குப் பிறகு, ஆறிய ஊடகத்தில். முன்பே சேர்த்தால் ஆவியாகிப் போய்விடும். குழாய்களை இறுக மூடி, ஆல்ககால் இல்லாத கட்டுப்பாட்டுக் குழாய்களை வேறு பெட்டியில் வையுங்கள். 96 குழித் தட்டில் செய்தால் ஆவி அடுத்த குழிக்குப் போய், கார்பன் இல்லாத குழியிலும் வளர்ச்சி காட்டும்.

வெப்பம். 42°செயில் அகார் தட்டு காய்ந்து சுருங்கும். வளர்ச்சி நின்றது சூட்டாலா, தட்டு காய்ந்ததாலா என்று பிரிக்க முடியாது. திரவக் குழாயை நீர்த்தொட்டியில் வையுங்கள். சாதாரண அடைகாப்பியில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்குமே ஒன்றிரண்டு டிகிரி வேறுபடும். 37, 40, 42, 45 என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

டிரைடெர்பீன். சுத்தமான கள்ளிச் சேர்மம் கிடைக்காவிட்டால் டிஜிட்டோனினை மாற்றாக வைக்கலாம், அதுவும் ஸ்டெராலைப் பிடிக்கும் சாபோனின், அதாவது சோப்பு போன்ற சேர்மம்தான். 25°செயிலும் 37°செயிலும் இரண்டிலும் சோதியுங்கள். குளிர்ச்சியில் தாங்கும் ஈஸ்ட் சூட்டில் தாங்காமல் போகலாம், செடியில் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

கொல்லி ஈஸ்ட். கள்ளிப் பழங்களில் பிக்கியா க்ளுய்வெரியின் சில வளர்ப்புகள் மற்ற ஈஸ்டுகளைக் கொல்லும் புரதம் சுரக்கும். சிட்ரேட்-பாஸ்பேட் கொண்டு பி.ஹெச். 4.2–4.5க்கு நிறுத்திய அகாரில் 0.003 சதவீதம் மெத்திலீன் நீலம், மி.லி.க்கு ஒரு லட்சம் செல் என்ற அளவில் கேண்டிடா க்ளாப்ராட்டா கலந்து ஊற்றி, மேலே சோதிக்க வேண்டிய ஈஸ்டை அழுத்தமாக வையுங்கள். 20–22°செ, மூன்று நாள். சுற்றிலும் தெளிவான வளையமும் அதன் ஓரத்தில் நீலமும் தெரிந்தால் கொல்லி. பி.ஹெச். 5 தாண்டினாலோ அடைகாப்பி 30°செக்கு மேல் போனாலோ அந்தப் புரதம் செயலிழந்து "கொல்லி இல்லை" என்று பொய் விடை வரும்.

#16 கரிசல்காட்டான்

அருமை. மூன்றாவது கேள்வி பாக்கி. நாகதாளி?

#17 முள்மரம்

செய்யலாம், ஆனால் சோனோரா போலவே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாகதாளி அமெரிக்கக் கண்டத்துச் செடி, இங்கே மனிதர் கொண்டுவந்தது. பழகிய ஈஸ்டும் பழகிய ஈயும் பூச்சியும் கூடவே வந்தனவா என்பதுதான் ஆர்வமான கேள்வி.

இதற்கு ஆஸ்திரேலியா நல்ல முன்மாதிரி. அங்கே சப்பாத்திக் கள்ளியை ஒழிக்க அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் காக்டோரம் அந்துப்பூச்சியை எடுத்துவந்து 1926இல் விட்டார்கள். அதன் புழு தட்டையைக் குடைந்து ஈரக்குழைவாக்கும். அந்தக் குழைவில் வாழ்வது கிளாவிஸ்போரா ஓபன்ஷியே, 1986இல் விவரிக்கப்பட்ட ஈஸ்ட். மார்க்-ஆந்த்ரே லஷான்ஸ் அதன் ரைபோசோம் டி.என்.ஏ. இடைவெளிப் பகுதியை நாடுவாரியாக ஒப்பிட்டபோது அந்துப்பூச்சி கொண்டுசெல்லப்பட்ட தடத்தோடு ஈஸ்டின் பரவலும் பொருந்தியது.

தென்னிந்தியாவில் நடந்தது வேறு. 1795இல் சாயப்பூச்சி என்று நினைத்து வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது டாக்டிலோபியஸ் சிலோனிகஸ். பிற்பாடு 1830களில் தெற்கே கொண்டுவந்து விட்டதும் ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியை ஏறக்குறைய அழித்தது. மிஞ்சிய ஓபன்ஷியா டில்லெனியைக் கட்டுப்படுத்த 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஓபன்ஷியே வந்தது. இவை குடைவதில்லை, வெளியே ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுபவை. எனவே ஆஸ்திரேலியா போல ஈரக்குடைவு இங்கே தானாக உண்டாகாது. மழைக்குப் பிந்தைய தட்டை அழுகல், கனிந்து வெடித்த பழம் இவற்றைத் தேடுங்கள். பழத்தில் பழ ஈஸ்டுகள்தான் மேலோங்கும். தட்டை அழுகலைத் தனியாக வைத்து ஒப்பிட்டால்தான் கள்ளிக்கே உரியவை எவை என்று தெரியும். பூவில் வேறு கூட்டம், வண்டு சுமந்து வருவது. அதைக் கலக்க வேண்டாம்.

சதுரக்கள்ளி, திருகுகள்ளி பக்கம் போக வேண்டாம். அவை யூஃபோர்பியா, கள்ளிக் குடும்பமே அல்ல. வேதியியல் முற்றிலும் வேறு, பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும்.

#18 மரபுவரி

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். கள்ளி ஈஸ்டுகளிலும் அவற்றின் நெருங்கிய உறவினங்களிலும் பல, மனிதரில் சந்தர்ப்பத் தொற்று உண்டாக்குவதாகப் பதிவானவை. கிளாவிஸ்போரா ஓபன்ஷியேயின் உடன்பிறப்பு கிளாவிஸ்போரா லுசிடானியே. பிக்கியா பக்கம் நார்வேஜென்சிஸ். 37°செ தாண்டி வளரப் பழகிய ஈஸ்டுக்கு நம் உடல் சூடு தடையாக இருக்காது என்று 2024 ஆய்வும் எச்சரிக்கிறது. எனவே தெரியாத வளர்ப்பை முகர்ந்து பார்க்காதீர்கள், பானம் நொதிக்கப் பயன்படுத்தாதீர்கள். நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் அந்தத் தட்டுகளைத் திறக்க வேண்டாம்.

#19 தட்டும்தழலும்

சட்டப் பக்கமும் சொல்லிவிடுகிறேன், கேட்டு வருபவர்களுக்கு. சகுவாரோ அரிசோனாவில் பாதுகாக்கப்பட்ட செடி. சகுவாரோ தேசியப் பூங்காவிலோ ஆர்கன் பைப் தேசிய நினைவிடத்திலோ அழுகலைத் தொடக்கூட ஆய்வு அனுமதி வேண்டும். கள்ளிக் குடும்பம் பெரும்பாலும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிர்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால் திசுவை நாடு தாண்டி அனுப்புவது எளிதல்ல. இங்கே பிரித்த வளர்ப்பை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டப்படி என்ன அனுமதி தேவை என்று தேசிய உயிரியல் பன்முக ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டுக்குச் சோனோரா வளர்ப்புகள் வேண்டுமானால் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. டேவிஸில் உள்ள ஃபாஃப் ஈஸ்ட் சேகரம், அமெரிக்காவின் பியோரியாவிலுள்ள என்.ஆர்.ஆர்.எல். சேகரம், நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் வெஸ்டர்டைக் நிறுவனத்தின் சி.பி.எஸ். சேகரம் ஆகியவற்றில் இந்த இனங்களின் வகைமாதிரி வளர்ப்புகள் (இனத்தை விவரித்தபோது பயன்பட்ட மூல வளர்ப்புகள்) கிடைக்கும். பிக்கியா காக்டோஃபிலா, கேண்டிடா சோனோரென்சிஸ், ஸ்டார்மெரா அமெத்தியோனினா மூன்றையும் வாங்கி, #15இல் சொன்ன சோதனைகளை அவற்றில் முதலில் ஓட்டுங்கள். மூன்றும் எதிர்பார்த்தபடி நடந்தால் உங்கள் ஊடகம் சரி. அதன் பிறகு நாகதாளியிலிருந்து வந்தவற்றை அதே தொகுதியில் வையுங்கள்.

#20 கரிசல்காட்டான்

உரைத் தலைப்பை "கள்ளி அழுகலின் ஈஸ்டுகள்: சூடு, நஞ்சு, ஈ" என்று மாற்றியாயிற்று. மாணவர் பயிற்சிக்கு #11இன் மூன்று தட்டுத் தொகுதிகளும் #15இன் மெத்தியோனின், வெப்பச் சோதனைகளும். தட்டை அழுகலுக்கு வடகிழக்குப் பருவமழை முடிவை எதிர்பார்க்கிறோம். டிஜிட்டோனினைக் கரைக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

#21 தட்டும்தழலும்

தண்ணீரில் சரியாகக் கரையாது. சூடான எத்தனாலில் அடர்கரைசலாகச் செய்து, ஆறிய அகாரில் கலக்குங்கள். தட்டில் எத்தனால் ஒரு சதவீதம் தாண்டக் கூடாது. அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். இந்த ஈஸ்டுகள் எத்தனாலை உண்பவை. அந்தத் தட்டு இல்லாவிட்டால் வளர்ச்சி கூடியதா குறைந்ததா என்று எதை வைத்து அளப்பீர்கள்?